பழுக்காத கண்ணாடி

தக்காளியை நான் எப்போதும் செங்காயாகத்தான் வாங்குவேன், சந்தானம் சார். போவன்பள்ளி மார்க்கெட்டில் நன்றாகச் சிவந்ததைத்தான் எல்லோரும் போட்டி போட்டு அள்ளுவார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி நசுங்கியிருக்கும். செங்காய் அப்படியில்லை. சமையலறை மூலையில் விட்டுவைத்தால், நமக்கு வேண்டிய நாளில் வேண்டிய அளவுக்குப் பழுக்கும். பொறுமை இருந்தால் போதும்.

எனக்குப் பொறுமை அதிகம். அதனால்தான் உங்கள் விசாரணை அறிக்கையை மூன்று தடவை முழுதாகப் படித்துவிட்டு வந்திருக்கிறேன். நாச்சாரத்தில் எங்கள் கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தீர்கள். அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். கதவைச் சாத்த வேண்டாம், நான் சத்தம் போடுகிறவள் இல்லை.

உங்களுக்கு இந்தக் கண்ணாடியைப் பற்றித் தெரியாது. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் இயந்திரவியல் படித்தவர். விசாரணைக் குழுவுக்குத் தலைவராகப் போட்டார்கள், வந்தீர்கள். எனவே முதலிலிருந்து சொல்கிறேன்.

மணலோடு காட்மியமும் கந்தகமும் செலினியமும் சேர்த்து உருக்கி வார்த்தால், குளிர்ந்து வருவது சாதாரணக் கண்ணாடி. ஜன்னலுக்குப் போடலாம் போலத் தெளிவாக இருக்கும். நிறம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதை மறுபடி உலையில் வைத்து, உருகாத அளவுக்குச் சூடாக்கி, காத்திருக்க வேண்டும். உள்ளே சின்னச் சின்னப் படிகங்கள் வளரும். எந்தச் சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் தெரியாத அளவுக்குச் சின்னவை. அவை வளர வளரக் கண்ணாடி மஞ்சளாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு ரத்தச் சிவப்பு. யாரும் சாயம் சேர்க்கவில்லை. படிகத்தின் அளவுதான் நிறம். அது மட்டுமில்லை. எந்த ஒளியை விழுங்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதையும் அந்த அளவுதான் முடிவு செய்கிறது. வானவில்லின் நிறவரிசையில் இந்தப் பக்கம் முழு இருட்டு, அந்தப் பக்கம் முழு வெளிச்சம், நடுவில் கத்தியால் கீறியது போல ஓர் எல்லை. உலையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் எல்லை சிவப்பின் பக்கம் நகரும். சீக்கிரம் எடுத்துவிட்டால் பச்சை ஒளி உள்ளே வந்துவிடும்.

இதை நாங்கள் பழுக்க வைப்பது என்போம். நாங்கள் என்றால் நானும் ஆக்னஸும்.

ஆறு வருடங்களுக்கு முன்பு உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் நிரந்தர வேலையில், நான் திட்டம் முடியும்வரை என்ற ஒப்பந்தத்தில். இரண்டு பேருமே மென்பொருள் வேலை கிடைத்தும் வேண்டாம் என்று வந்தவர்கள். அது 2002. மாதாப்பூர் பக்கம் பாறைகளை வெடித்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது ஆக்னஸ் அதைக் காட்டி, "பாருடி சாரு, அவங்க கண்ணாடிக்கு உள்ள வேல பாக்கறாங்க. நாம கண்ணாடிய வேல பாக்க வைக்கறோம்" என்பாள்.

நான் திண்டுக்கல். அவள் மல்காஜ்கிரியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வே. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் ஹைதராபாத் ஹிந்தி. வாய் திறந்தால் மூன்றும் சேர்ந்து வரும். தோழிகள் சண்டை போட்டால் அவள் பள்ளியில் 'கட்டி' என்பார்களாம். எங்கள் ஊரில் காய் விடுவோம், சமாதானம் ஆனால் பழம் விடுவோம் என்று சொன்னேன். "ஹவ், இது சூப்பரா இருக்குடி" என்று பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து உலையைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் நின்றுகொண்டு, "காயா பழமா, காயா பழமா" என்று கேட்பாள். எல்லை சரியாக வந்திருந்தால் பழம். வராவிட்டால் காய். இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வந்தாலும் அதே சொற்கள்தான். டீ வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்து, "காயா பழமா?" என்று நிற்பாள்.

அவளுக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். அதையும் வேடிக்கையாகத்தான் சொல்வாள். "அது லாங் லீவுல இருக்குடி. சம்பளம் மட்டும் வாங்குது." லேசர் வேலைக்குப் போடும் வெளிநாட்டுக் காப்புக் கண்ணாடிக்குப் பதிலாக இங்கேயே ஒன்று செய்வதுதான் எங்கள் திட்டம். அந்த வெளிநாட்டுக் கண்ணாடி அவள் மூக்கில் நிற்காது. சின்ன மூக்கு. ஒரு ரப்பர் பேண்டைக் கட்டிப் பின்னந்தலையில் மாட்டியிருப்பாள். "நம்ம கண்ணாடி தேறினதும் என் மூக்குக்கு அளவெடுத்து ஒண்ணு செஞ்சு குடு" என்பாள்.

செய்து கொடுத்தேன். அதற்குத்தான் வருகிறேன்.

2005இல் மறுஆய்வுக் குழு வந்தது. வெள்ளைத் துணி விரித்து எட்டுத் துண்டுகளை வரிசையாக வைத்திருந்தேன். எலுமிச்சை நிறத்தில் தொடங்கி மாதுளை முத்து வரைக்கும். அப்படி ஒரு வரிசையை அந்தக் குழுவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தலைவர் ஓர் ஆரஞ்சுத் துண்டை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "பிரமாதம். இதே மாதிரி இன்னொண்ணு பண்ண முடியுமாம்மா?" என்றார்.

"முடியும் சார்" என்றேன்.

அவர் ஆக்னஸைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "இப்போதைக்கு முடியாது சார்" என்றாள். "பத்துல ஒண்ணுதான் தேறுது. ஏன்னு இன்னும் எங்களுக்குப் புரியல. ஒரு வருஷம் குடுத்தீங்கன்னா கண்டுபிடிச்சிடுவோம்." சொன்னதோடு நிற்கவில்லை. மேஜைக்கடியில் நான் தள்ளி வைத்திருந்த மரப்பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினாள். நான் ஒதுக்கிய துண்டுகள் அதில் இருந்தன. கொஞ்சம் அதிகம்தான் இருந்தன. கடைக்காரன் சொத்தைக் கத்தரிக்காயை எல்லோருக்கும் தெரியும்படியா வைப்பான்? ஒதுக்குவது பொய்யில்லை சார், அது ஒரு ஒழுங்கு. ஆக்னஸுக்கு அது புரியவில்லை.

குழு ஒரு வருடம் கொடுக்கவில்லை. திட்டத்தை மூடினார்கள். அவளை லேசர் பிரிவுக்கு மாற்றினார்கள். எனக்கு மாறுவதற்குப் பிரிவு ஏதும் இல்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் என் பின்னாலேயே ஓடி வந்தாள். "சாரு, நில்லுடி. பொய் சொல்லிட்டா நாளைக்கு யாராவது இத நம்பிக் கண்ணுல மாட்டிக்குவாங்கடி. அவங்க கண்ணு போச்சுன்னா?"

"உன்னோட காய்" என்றேன்.

அவள் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

கோபம் என்றால் தட்டுமுட்டுச் சாமானைப் போட்டு உடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது கோபமில்லை, தும்மல் மாதிரி. வந்தால் போய்விடும். என்னுடையது கண்ணாடிக்குள் இருக்கும் நிறம் போல. மேலே பார்த்தால் தெளிவாக இருந்தேன். நாச்சாரத்தில் சிக்னல் விளக்குகளுக்குச் சிவப்புக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் உலைப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். நேரத்துக்குப் போனேன், நேரத்துக்கு வந்தேன். கூடப் படித்தவர்கள் மாதாப்பூரில் வீடு வாங்கிப் புதுமனைப் புகுவிழாவுக்குக் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டேன். நீ இன்னும் கண்ணாடிதான் உருக்கறியா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். கம்பெனி வேலை முடிந்தபின் முதலாளியிடம் அனுமதி வாங்கிச் சின்ன உலையில் என் கண்ணாடியைத் தொடர்ந்து செய்தேன். ஒவ்வொரு தடவை உலையைத் திறக்கும்போதும் அவள் கேட்பது காதில் விழும். நான் பதில் சொல்வதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருடந்தோறும் அவளிடமிருந்து குறுஞ்செய்தி வரும். ஒரே வார்த்தை. பழமா? நான் அழித்துவிடுவேன். போன கிறிஸ்துமஸுக்கும் வந்தது. அன்றைக்கு அழிக்கவில்லை. ஏனென்றால் அப்போது எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது.

என் கண்ணாடியை நம்ப முடியாது என்று அவள் பத்துப் பேர் முன்னால் சொன்னாள். சொன்னவளுக்கு அது எப்படிப்பட்ட கண்ணாடி என்று தெரிய வேண்டாமா? நான் நினைத்த இடத்தில் நினைத்த அளவில் நிற்கும் கண்ணாடி என்று காட்ட வேண்டும். அவள் மறக்க முடியாதபடி காட்ட வேண்டும். இது நியாயமான ஆசை. நீங்கள் பொறியாளர், உங்களுக்குப் புரியும்.

'உன் மூக்குக்கு ஏத்த மாதிரி ஒண்ணு செஞ்சு தரேன்' என்று பதில் அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன் வந்தது. எடுக்கவில்லை. அவள் முக அளவு எனக்கு ஞாபகம் இருந்தது.

அவள் பிரிவில் பச்சை லேசர். அதைத் தடுக்க ஆரஞ்சுக் கண்ணாடி வேண்டும், நன்றாகப் பழுத்தது. சற்றே பழுக்காத ஆரஞ்சு பச்சையை உள்ளே விட்டுவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். இருந்தாலும் அவள் கெட்டிக்காரி, வெள்ளைத் தாள்மேல் வைத்தால் கண்டுபிடித்துவிடலாம். அதனால் பழுக்காத வில்லையைக் கொஞ்சம் தடிமனாக வைத்தேன். தடிமன் கூடினால் நிறம் கூடித் தெரியும். பக்கத்தில் வைத்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

ஆமாம், இரண்டும். பழுக்காத வில்லை ஒன்றுதான் போட்டேன், வலது பக்கம். இடது வில்லை முழுக்கப் பழுத்தது. எந்த வெளிநாட்டுக் கண்ணாடிக்கும் குறையாதது. நான் கொடூரக்காரி இல்லை சார். வேண்டியதற்கு மேல் ஒரு இம்மிகூடச் செய்யவில்லை. அவள் லேசர் கற்றையை நேர்ப்படுத்தும்போது வலது கண்ணைத்தான் கிட்டே கொண்டுபோவாள். இடது கண்தான் லீவில் இருக்கிறதே.

கூரியரில் அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. இந்த முறை எடுத்தேன்.

"காயா பழமா?" என்றாள். மூன்று வருடம் கழித்து முதல் வார்த்தை அதுதான். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே கேட்பாள், அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"பழம்" என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "மூக்குல சும்மா ஜம்முனு உக்காந்துக்கிச்சுடி. ரப்பர் பேண்டு நக்கோ, இனிமே வேணாம்" என்றாள்.

"எவ்வளவு ஒளிய உள்ள விடுதுன்னு அளந்து பாத்தியா?" என்று கேட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கேட்டேன்.

"இல்ல. வேணும்னேதான் அளக்கல. எல்லாத்தையும் மெஷின்ல போட்டுப் பாக்கறவதான் நான். இத மட்டும் பாக்க மாட்டேன். அன்னைக்கு உன்ன நம்பலன்னுதான உனக்குக் கோபம்? இன்னைக்கு நம்பறேன். போதுமாடி?"

அளந்து பார்ப்பாள் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். அளந்தால் வலது வில்லை காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன், பெட்டி மாறிப்போச்சு என்று. அந்தப் பதிலுக்கு வேலை வரவில்லை. காயா பழமா என்று அவள் கேட்டது கண்ணாடியையா, எங்கள் நட்பையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. நான் பதில் சொன்னது எதற்கு என்று எனக்குத் தெரியும். நட்புக்கு. கண்ணாடியைப் பற்றி நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அந்தக் கணத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஒப்புக்கொள்கிறேன். போட்டுக்காதே என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த 'போதுமாடி' இருக்கிறதே. பிச்சைக்காரியின் தட்டில் காசு போடுவது போல நம்பிக்கையைப் போட்டாள். அளந்து பார்த்துவிட்டு நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் அது மரியாதை. அளக்காமல் நம்புவது இரக்கம். என் கண்ணாடிக்கு யாருடைய இரக்கமும் தேவையில்லை.

"சரி, வேலையப் பாரு" என்றேன். வைத்துவிட்டாள்.

மீதி உங்கள் அறிக்கையில் இருக்கிறது, சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். லேசரின் ஒரே ஒரு துடிப்பு. கண்ணுக்குள் பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம் கேட்டதாக அவள் சொல்லியிருக்கிறாள். விழித்திரையின் நடுவில் ஓட்டை. ஓரங்களில் பார்வை இருக்கிறது, நடுவில் இல்லை. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் மறைந்துவிடும். எழுத்தைப் பார்த்தால் எழுத்து இருக்காது. ஆளைப் பார்த்தால் முகம் இருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அப்பா என்னைக் கட்டிலருகே உட்கார வைத்து, "சாரு வந்திருக்காம்மா" என்றார். அவள் கையை நீட்டித் தேடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் என்னைப் பார்க்க முயற்சி செய்தாள். "ஒன் சைடுலேந்து பாத்தா நீ கொஞ்சம் அழகாத்தான் இருக்கேடி" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை.

பிறகு அவள் சொன்னாள்: "நீ அழாத. உன் தப்பே இல்ல. நான் அளந்திருக்கணும். நம்ம கண்ணாடி அப்படித்தானடி, ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது. உனக்குத் தெரியாதா?"

நான் அழுதுகொண்டிருக்கவில்லை. அவள் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டேன். அந்த நிலையிலும் அதையே சொல்கிறாள் என்றால் யோசித்துப் பாருங்கள். அவளுக்கு இன்னும் புரியவே இல்லை.

உங்கள் குழு என்னைக் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. இரண்டு கேள்வி கேட்டீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். போகும்போது வாசல்வரை வந்து, "மனச விட்றாதீங்கம்மா. நீங்க அன்பா ஒண்ணு செஞ்சு குடுத்தீங்க. ஆக்னஸும் சாரு மேல எதுவும் எழுதாதீங்கன்னு கெஞ்சுது. இந்த மாதிரி கண்ணாடின்னாலே அப்படித்தானாமே" என்றீர்கள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அறிக்கை வராமலே இருந்திருந்தால் நீங்களும் நானும் இன்று இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அறிக்கை வந்தது. 'ஒரே ஜோடியின் இரண்டு வில்லைகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இடது வில்லை தரத்துக்கு மேலாகவும் வலது வில்லை தரத்துக்குக் கீழாகவும் இருப்பது, இவ்வகைக் கண்ணாடியை இங்கே சீராகத் தயாரிக்க முடியாது என்பதையே காட்டுகிறது. விபத்துக்குக் காரணம் தயாரிப்புக் குறைபாடு.'

குறைபாடு. இந்தச் சொல்லை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா சார்? இரண்டு வில்லைகளும் வேறுபட்டது உங்களுக்குக் கோளாறாகத் தெரிந்தது. அந்த வேறுபாடுதான் என் வேலை. ஒரே வார்ப்பிலிருந்து, ஒரே உலையில், ஒன்றை முழுப் பழமாகவும் மற்றதைப் பழத்துக்கு ஒரு நூலிழை முன்னாலும் நிறுத்தியிருக்கிறேன். இந்த நாட்டில் அதை யார் செய்திருக்கிறார்கள்? செய்தவளைக் கூட்டி வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, கண்ணாடியின் மேல் பழியைப் போடுகிறீர்கள்.

எனவே திருத்தி எழுதுங்கள். காரணம் தயாரிப்புக் குறைபாடு என்பதை அடித்துவிட்டு, வலது வில்லையை சாருலதா என்பவர் தெரிந்தே, திட்டமிட்டு, ஆக்னஸின் பார்வையைப் பறிப்பதற்காகப் பழுக்காமல் எடுத்தார் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். போலீசைக் கூப்பிடுவதாக இருந்தாலும் கூப்பிடுங்கள், அவர்களிடமும் இதையே சொல்வேன். ஆக்னஸிடம் மட்டும் அந்தப் பத்தியை யாராவது படித்துக் காட்டவேண்டும். அவளால் படிக்க முடியாது.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால், என்னை நாச்சாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதே வலது வில்லையை, அதே அளவில், உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுகிறேன். நிச்சயமாக வரும். முதல் தடவையிலேயே வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.